அனஸ்தாசியா அக்காவும் கண்டல்தீவின் பதினொரு பூனைகளும்

மேடையில் அமர்ந்திருக்கும் மதிப்புக்குரிய பங்குத்தந்தை அவர்களே, எங்கள் ஜும்ஆப் பள்ளியின் மௌலவி அவர்களே, மிருக வைத்தியர் டொக்டர் இஸ்ஸதீன் அவர்களே, கருவாட்டுப் பெண்கள் சங்கத்துச் சகோதரிகளே, கரைவலைக்காரர், நண்டுவலைக்காரர், வாடிக்காரர் என்று வேலையை விட்டுவிட்டு வந்திருக்கும் பெரியோரே, முன்வரிசைக் கதிரையில் இருக்கும் அமரரின் அன்பு மகள் யதுர்சிகாவே, உங்கள் எல்லோர் மீதும் சாந்தி உண்டாகட்டும்.

கரண்ட் போய்விட்டது. ஒலிபெருக்கி இல்லை. பின்னால் நிற்பவர்களுக்குக் கேட்கிறதா? கேட்காவிட்டால் கிட்ட வாருங்கள். என்னால் இதற்கு மேல் சத்தமாகப் பேச முடியாது.

எங்கள் கருவாட்டுப் பெண்கள் சங்கத்தின் உபதலைவி, அமரர் திருமதி அனஸ்தாசியா அவர்கள் எங்களை விட்டுப் பிரிந்து இன்று முப்பத்தோராம் நாள். குறிஞ்சிப்பிட்டி மீனவர் கூட்டுறவுச் சங்கத்தின் தலைவர் என்ற முறையில் இரங்கல் உரை நிகழ்த்தும்படி என்னைக் கேட்டார்கள். நான் நூஹு. உங்கள் எல்லோருக்கும் என்னைத் தெரியும். இந்த மேடையில் எத்தனையோ பேருக்காகப் பேசியிருக்கிறேன். பேசும்போது தொண்டை அடைத்து, தண்ணீர் வாங்கிக் குடித்து, பிறகும் பேசியிருக்கிறேன். இன்று தொண்டை அடைக்கவில்லை. முப்பத்தொரு நாளாக எனக்கு ஒன்றும் ஆகவில்லை. சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், தொழுகிறேன், படகைக் கழுவுகிறேன். ஊசி போட்ட கைபோல எல்லாம் மரத்துக் கிடக்கிறது. ஆகவே என்னிடமிருந்து கண்ணீரை எதிர்பார்க்க வேண்டாம். நடந்ததைச் சொல்கிறேன்.

நடந்ததைச் சொல்லும்படிதான் யதுர்சிகாவும் கேட்டிருக்கிறார். நேற்று என்னிடம் வந்து, "மாமா, மேடையில அம்மாவைத் தெய்வம் ஆக்காதீங்க. நடந்ததைச் சொல்லுங்க. அந்த வெள்ளிக்கிழமையையும் சொல்லுங்க" என்றார். சொல்கிறேன் மகள்.

யார் இந்த அனஸ்தாசியா? தொண்ணூறாம் ஆண்டு மன்னார்ப் பக்கமிருந்து, கணவரோடும் ஒரு தையல் மெஷினோடும் படகில் வந்து எங்கள் கரையில் இறங்கியவர். வந்த மறுகிழமையே மீன் வெட்டப் போனார். கணவர் காலமான பிறகும் வெட்டினார். காற்றில்லாக் காலத்தில் கண்டல்தீவு வாடிகளுக்குப் போய்க் கருவாடு போடுவார். காற்றுக்காலத்தில் கரையில் இருந்து அதைத் தரம் பிரிப்பார். எங்கள் கரையில் அவர் கைபடாத கருவாடு உண்டா? இல்லை. ஆனால் இன்று இவ்வளவு சனம் கூடியிருப்பது கருவாட்டுக்காக இல்லை. பூனைக்காகக் கூடியிருக்கிறோம். ஓம், சிரிக்கலாம். அவர் இருந்தால் அவரும் சிரிப்பார்.

வெளியூரிலிருந்து வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். கண்டல்தீவில் ஊர் இல்லை, கிணறு இல்லை, குடிக்கத் தண்ணீர் இல்லை. ஐப்பசியில் கடல் அடங்கியதும் சிலாபத்துப் பக்கமிருந்து முதலாளிமார் வந்து, மீன் காயவைக்கத் தகரக் கொட்டில் அடித்து வாடி போடுவார்கள். சித்திரை முடியக் காற்று எழும்பும். வாடியைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள். யுத்த காலத்தில் பாஸ் எடுத்துத்தான் கடலுக்குப் போக வேண்டும். அப்போது அங்கே ஒன்றிரண்டு வாடிதான் இருந்தது. யுத்தம் முடிந்து பாஸ் நின்றதும் ஒரே வருடத்தில் பதினாறு வாடி வந்தது. வாடி வந்தால் மீன் வரும், மீன் வந்தால் எலி வரும். எலி வலையை வெட்டும். எனவே முதலாளிமார் பூனைக்குட்டிகளைப் பெட்டியில் போட்டுக் கொண்டுபோனார்கள். சித்திரையில் வலையை ஏற்றினார்கள், தகரத்தை ஏற்றினார்கள், சட்டி பானை எல்லாவற்றையும் ஏற்றினார்கள். பூனைகளை ஏற்றவில்லை.

அந்தத் தீவுக்கு முதல் முதலாகப் பூனைக்குட்டி கொண்டுபோன படகு எது தெரியுமா? என்னுடைய படகு. மூன்று குட்டிகள். ஏற்றுக்கூலி வாங்கினேன்.

இரண்டாயிரத்துப் பதினோராம் ஆண்டு, வைகாசி மாதம். வாடியில் மறந்துவிட்டு வந்த ஒரு தராசை எடுக்க அனஸ்தாசியா அக்கா என் படகில் வந்தார். வாடிகள் போய் மூன்று கிழமை. நாங்கள் இறங்கியதும் கண்டல் மரங்களுக்கிடையில் அசைவு தெரிந்தது. எலும்பும் தோலுமாகப் பூனைகள். கிட்ட வராமல் தூரத்தில் நின்று பார்த்தன. அக்கா குடிக்கக் கொண்டுவந்த போத்தல் தண்ணீரை ஒரு சிரட்டையில் ஊற்றி வைத்துவிட்டு விலகி நின்றார். ஒரு பூனை ஊர்ந்து வந்து குடித்தது. குடித்து முடித்த பிறகும் காய்ந்த சிரட்டையை நக்கிக்கொண்டே இருந்தது. அக்கா தராசை மறந்துவிட்டார்.

திரும்பும்போது என்னைக் கேட்டார்: "தம்பி, நாளையண்டைக்கு நண்டுவலை இழுக்க இந்தப் பக்கந்தானே வருவீங்க?"

"ஓம் அக்கா, ஏன்?"

"ஒரு கான் தண்ணி தருவன். இறக்கிவிடுங்க."

"பூனைக்கா? உங்களுக்கு வேற வேல இல்லயா?"

"வேலை இருக்கு. அதுக்கிடையில இதையும் செய்யலாம்."

பிற்காலத்தில் ஒரு பத்திரிகைக்காரத் தம்பி வந்து அவரிடம் கேட்டார். நீங்களும் ஊரை விட்டு வந்தவர், அதனால்தான் கைவிடப்பட்ட பூனைகள்மேல் இந்த இரக்கமா என்று. எழுதிக்கொள்ளப் பேனாவையும் திறந்து வைத்திருந்தார். அக்கா சொன்னார்: "அப்பிடியெல்லாம் இல்லைத் தம்பி. அங்க தண்ணி இல்லை. அவ்வளவுதான்." அந்தத் தம்பி அதை எழுதவில்லை என்று நினைக்கிறேன்.

தண்ணீர் வைத்தால் பூனை உயிரோடு இருக்கும். உயிரோடு இருந்தால் குட்டி போடும். அது அவருக்கும் தெரிந்திருந்தது. ஆகவே ஒவ்வொன்றாகப் பிடித்துக் கரைக்குக் கொண்டுவரத் தொடங்கினார். நண்டுக்கூட்டைப் பிரித்துக் கதவு வைத்து ஒரு பொறி செய்தார். வீட்டுக்குப் பின்னாலிருந்த கோழிக்கூட்டைப் பூனைக்கூடாக்கினார்.

மனிதரையே அறியாத பூனையைப் பழக்குவது எப்படி? நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். ஒற்றைக் கண்ணுள்ள சாம்பல் நிறக் கடுவன் ஒன்று. கூட்டுக்குள் வந்த நாளிலிருந்து மூலையில் ஒட்டிக்கொண்டு சீறிக்கொண்டே இருந்தது. அக்கா கூட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து மீன் துப்புரவு செய்வார். வாய்விட்டுச் செபமாலை சொல்வார். ஒரு நாள், இரண்டு நாள் இல்லை, கிழமைக்கணக்கில். "ஏன் அக்கா திரும்பி இருக்கிறீங்க?" என்று கேட்டேன். "நேர பாத்தா அதுக்குப் பயம் தம்பி. நான் பாக்கேல்லை எண்டு தெரிஞ்சாத்தான் அது என்னைப் பாக்கும்" என்றார். பிறகு நீளக் காம்புள்ள அகப்பையில் மீன் துண்டு வைத்துப் பின்பக்கமாக நீட்டுவார். அகப்பை பழகியதும் சின்னக் கரண்டி. கரண்டி பழகியதும் விரல். நாற்பத்திரண்டாம் நாள் அந்தக் கடுவன் அவருடைய விரலிலிருந்து சாப்பிட்டது. அதற்கு முன்பு அதே விரலை எலும்பு தெரியக் கடித்துமிருந்தது. கற்பிட்டி ஆஸ்பத்திரியில் விசர்நாய்க்கடி ஊசி போடும் மிஸ்மாருக்கு அக்காவின் பெயர் மனப்பாடம்.

எல்லாப் பூனையும் பழகவில்லை. பழகாததை அவர் வற்புறுத்தவில்லை. கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, எங்கள் மீன் இறங்குதுறையில் விட்டுவிடுவார். "மனிசரோட இருக்க விருப்பமில்லாட்டி நாங்கள் என்ன செய்யிறது? எலியைப் பிடிச்சுக்கொண்டு இருக்கட்டும்" என்பார்.

இதற்கெல்லாம் செலவு இல்லையா? இருந்தது. அக்கா பணக்காரரா? இல்லை. இந்த இடத்தில்தான் அவரை நான் தலைவணங்கிப் புகழ வேண்டும். அவரைவிட இரக்கமுள்ளவர்களை நான் கண்டிருக்கிறேன். செய்ய முடிந்ததற்கும் முடியாததற்கும் இடையில் அவ்வளவு நேராகக் கோடு போட்ட ஒருவரை நான் காணவில்லை.

எட்டு. ஒரே நேரத்தில் எட்டுப் பூனைக்கு மேல் அவர் கூட்டில் இருந்ததில்லை. ஒரு முறை எங்கள் பாடசாலை மர்ஷூதா டீச்சர் வீதியில் கிடந்த ஐந்து குட்டிகளைப் பெட்டியில் போட்டுக்கொண்டு அவருடைய வாசலில் வந்து நின்றார். நானும் அங்கே இருந்தேன்.

அக்கா சொன்னார்: "எட்டு இருக்கு டீச்சர். என்னால ஏலாது."

"குட்டிதானே அக்கா, எவ்வளவு சாப்பிடப் போகுது?"

"இப்ப கொஞ்சம். ரெண்டு மாசத்தில எவ்வளவு எண்டு எனக்குத் தெரியும். ஒம்பதாவதை எடுத்தா எட்டுக்கும் குறையும்."

டீச்சர் அழுதுவிட்டார். எனக்கே கோபம் வந்தது. இவ்வளவு கல்நெஞ்சா என்று நினைத்தேன். அக்கா கையைக் கழுவிக்கொண்டு வந்து பெட்டியைப் பார்த்தார். "அழாதீங்க டீச்சர். பெட்டியை வீட்ட கொண்டு போங்க. பின்னேரம் நான் அங்க வாறன். எப்பிடி வளக்கிறது எண்டு காட்டித்தாறன்." சொன்னபடி போனார். அன்று மட்டும் இல்லை, தொடர்ந்து பதினான்கு பின்னேரம் போனார். அந்த ஐந்தும் டீச்சர் வீட்டுக் கூரையில் இன்றும் ஓடித் திரிகின்றன. டீச்சர் பின்வரிசையில் இருக்கிறார், கேட்டுப் பாருங்கள்.

இஸ்ஸதீன் டொக்டருக்கும் ஒரு கதை உண்டு. கருத்தடைக்கு வேண்டிய பூனைகள் பத்து வீட்டில் சேரும்வரை அக்கா காத்திருப்பார். சேர்ந்ததும் டொக்டரை ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்தக் கட்டடத்துக்கே அழைப்பார். ஒரே வரவில் பத்து என்பதால் வீட்டுக்கு வீடு செலவு குறையும். முதல் தடவை டொக்டர், இவ்வளவு ஏழைச் சனம், காசு வேண்டாம் என்றார். அக்கா விடவில்லை. "சும்மா செய்தா ரெண்டு தரம் வருவீங்க டொக்டர். மூண்டாந்தரம் வேலை இருக்கெண்டு சொல்லுவீங்க. காசை வாங்குங்க, அப்பதான் நான் உரிமையோட கூப்பிடலாம்" என்றார். காசில்லாத வீடு கருவாடு கொடுத்தது. டொக்டர் தலையை ஆட்டுகிறார். ஒன்பது வருடமாக அவர் வீட்டில் கருவாடு விலைக்கு வாங்கவில்லை.

படகுக்கு எண்ணெய்தான் பெரிய செலவு. அதற்கும் வழி கண்டார். ஐப்பசி மாதம், வாடிச் சாமான் இறக்கும் லொறியடிக்குப் போனார். சிலாபத்து முதலாளி ஒருவர் நிற்கிறார். லொறியில் ஒரு பெட்டி. பெட்டிக்குள் குட்டிகள் கத்துகின்றன.

"முதலாளி, இதைத் தீவுக்குக் கொண்டு போக வேண்டாம். வளந்த பூனை நான் தாறன். எலி பிடிக்கும், குட்டி போடாது, மனிசருக்குப் பழக்கம். சித்திரையில எனக்குத் திருப்பித் தரோணும்."

முதலாளி சிரித்தார். "இரவல் பூனையா அக்கே? வாடகை எவ்வளவு?"

"காசு வேணாம். கிழமைக்கு ரெண்டு போத்தல் மண்ணெண்ணெய்."

"பூனைக்கு எதுக்கு மண்ணெண்ணெய்?"

"பூனைக்கில்லை. அதுக்குத் தண்ணி கொண்டுபோற போட்டுக்கு."

அன்று அந்த லொறியிலிருந்த குட்டிகள் நான்கும் அக்காவின் கைக்கு வந்தன. இரவல் பூனை இரண்டு தீவுக்குப் போனது. மறுவருடம் ஐந்து வாடி கேட்டது. அதற்கடுத்த வருடம் எல்லா வாடியும். சித்திரையில் முதலாளிமாரே பூனையைக் கூட்டில் போட்டுக் கொண்டுவந்து, "அக்கே, உங்கட ஆள்" என்று ஒப்படைப்பார்கள். கூட்டில் இடமில்லாதவை காற்று அடங்கும்வரை இறங்குதுறையில் எலி பிடிக்கும். சகோதரர்களே, நான்கு வருடம் அந்தத் தீவில் ஒரு பூனைகூடத் தாகத்தால் சாகவில்லை! நான்கு வருடம்!

பிறகு கொரோனா வந்தது. பழைய முதலாளிமார் சிலர் வரவில்லை. இந்த ஏற்பாடு தெரியாத இரண்டு புதிய வாடிகள் தீவின் மறுகரையில் வந்தன. தங்கள் பூனைகளைக் கொண்டுவந்தன. அவை அங்கேயே பெருகின. இந்த வருடம் பங்குனியில் டீசல் இல்லை, ஐஸ் இல்லை என்று வாடிகள் எல்லாம் இரண்டே நாளில் கழன்றன. எங்கள் இரவல் பூனைகள் திரும்பி வந்தன. அந்த இரண்டு வாடியின் பூனைகள் தீவிலேயே நின்றன. பதினைந்து. எல்லாம் காட்டில் பிறந்தவை, மனிதர் கைபடாதவை.

சித்திரை, வைகாசி முழுவதும் மூன்று நாளுக்கொரு தடவை போனோம். நான்கைப் பிடித்தோம். பதினொன்று மிஞ்சியது. பிறகு மண்ணெண்ணெய் வரத்து நின்றது. உங்களுக்கு நான் அந்த மாதங்களைச் சொல்லத் தேவையில்லை. எங்கள் படகெல்லாம் கரையில் கவிழ்ந்து கிடந்தது. அக்கா கடைசித் தடவை போனபோது இரண்டு நீலப் பீப்பா நிறையத் தண்ணீர் வைத்து, சொட்டுச் சொட்டாகச் சட்டியில் விழும்படி குழாயைத் திருகி வைத்தார். "பன்னிரண்டு நாளுக்குக் காணும் தம்பி" என்றார். அதன்பிறகு ஒவ்வொரு காலையும் கரைக்கு வந்து தீவுப் பக்கம் பார்ப்பார்.

பன்னிரண்டாம் நாள், புதன்கிழமை, எண்ணெய் வரப்போகிறது என்று கேள்விப்பட்டு நானும் அவரும் ஆளுக்கொரு கானோடு எண்ணெய்ச் செட்டுக்குப் போனோம். டோக்கன் தந்தார்கள். அவருக்கு நூற்றுப்பதினெட்டு, எனக்கு நூற்றுப்பத்தொன்பது. புதன் வரவில்லை. வியாழன் வரவில்லை. வெள்ளிக்கிழமை காலை எண்ணெய்ப் பவுசர் லொறி புத்தளம் தாண்டிவிட்டது என்றார்கள். வெயில் அப்படி ஒரு வெயில். பன்னிரண்டு மணிக்கு நான் எழுந்து நிற்பதைப் பார்த்து அக்காவே சொன்னார்: "ஜும்ஆவுக்குப் போட்டு வாங்க தம்பி. ரெண்டு கானையும் நான் பாக்கிறன்."

"நீங்க சாப்பிட்டீங்களா?"

"பாண் இருக்கு. போட்டு வாங்க."

போனேன். தொழுதேன். திரும்பி வந்தபோது ஒன்றரை மணி. வரிசை ஒரு பத்துப் பேர் அளவுக்கு நகர்ந்திருந்தது. அக்கா தன் கானின்மேல் உட்கார்ந்து மதிலில் சாய்ந்திருந்தார். என் கானின் கைபிடியைப் பிடித்தபடி இருந்தார். முக்காடு முகத்தை மறைத்திருந்தது. பக்கத்தில் நின்ற நிசாந்தி, "நித்திரையாக்கும் எண்டு நினைச்சு எழுப்பேல்லை அண்ணே" என்றார். நிசாந்தி இந்தச் சபையில் இருக்கிறார். அவரை யாரும் ஒரு வார்த்தை குறை சொல்லக் கூடாது. மூன்று நாள் வெயிலில் நின்ற ஒருவர் கண்ணயர்ந்தால் எந்த மனிதர் எழுப்புவார்? நான் தோளைத் தொட்டேன். அப்போதுதான் தெரிந்தது.

முச்சக்கரவண்டிக்குப் பெற்றோல் இல்லை. வரிசையில் நின்ற ஒருவர் தன் மோட்டார் சைக்கிளிலிருந்து உறிஞ்சி எடுத்துக் கொடுத்தார். ஆஸ்பத்திரியில் டொக்டர், இதயம் நின்று ஒரு மணித்தியாலம் ஆகிவிட்டது, பக்கத்தில் யார் இருந்திருந்தாலும் தெரிந்திராது என்றார். என்னைத் தேற்றுவதற்காகச் சொன்னாரா, உண்மையாகவே சொன்னாரா? எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நான் முயலவும் இல்லை.

யதுர்சிகா வந்தார், பெண்கள் வந்தார்கள். பிறகு நான் என்ன செய்தேன்? நான் வரிசைக்குத் திரும்பிப் போனேன். ஆம், அக்காவை ஆஸ்பத்திரியில் வைத்துவிட்டு எண்ணெய் வரிசைக்குப் போனேன். ஏன் போனேன்? இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. கால் போனது. வரிசை நகர்ந்திருந்தது. எங்கள் இரண்டு கானையும் யாரோ அந்தந்த இடத்தில் நகர்த்திக்கொண்டே வந்திருந்தார்கள். மூன்று நாளாக ஒரு அடி இடத்துக்குச் சண்டைபிடித்த சனம் அது. அந்தக் கானுக்கு முன்னால் ஒருவரும் புகவில்லை.

அஸர் தொழுகை நேரத்துக்குப் பிறகு எங்கள் முறை வந்தது. ஆளுக்கு ஐந்து லீற்றர். எண்ணெய் அடிக்கிறவர் கேட்டார்: "நூற்றுப்பதினெட்டு யார்? ஆள் இல்லாமக் குடுக்கேலாது."

எனக்குப் பின்னால் நின்றவர்கள் சொன்னார்கள், தமிழிலும் சிங்களத்திலும்: "குடுங்க. அந்தக் கானுக்குக் குடுங்க." அவர் என்னைப் பார்த்தார், அந்தக் கானில் எண்ணெய் அடித்தார்.

மறுநாள் நான்கு மணிக்கு அடக்கம். காலையில் நான் அந்த எண்ணெயோடு தீவுக்குப் போனேன். பதினைந்து நாள் ஆகியிருந்தது. பீப்பா வெறுமை. சட்டி காய்ந்து கிடந்தது. மூன்று பூனை செத்துக் கிடந்தன. மணலில் புதைத்தேன். தண்ணீர் ஊற்றிவிட்டுத் தூரத்தில் போய் நின்றேன். ஒன்று, இரண்டு என்று எட்டு வந்தன. குடித்தன. அவர் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று நினைக்க முயன்றேன். ஒன்றும் வரவில்லை. திரும்பி வந்து குளித்துவிட்டு அடக்கத்துக்குப் போனேன்.

அடக்கம் முடிந்த பிறகு யதுர்சிகா எல்லோருக்கும் முன்னால் என்னிடம் சொன்னார்: "மாமா, அந்தப் பூனையள் இல்லாட்டி அம்மா இண்டைக்கு இருந்திருப்பா. நீங்கள் இல்லையெண்டு சொல்லுவீங்களா?" நான் சொல்லவில்லை. இன்றும் சொல்லமாட்டேன். அந்தக் கேள்வியைக் கேட்க அவருக்கு உரிமை இருக்கிறது. நாங்கள் இங்கே தியாகம், சேவை என்று எவ்வளவு பேசினாலும் ஒரு மகளுக்குத் தாய் இல்லை. அதை மேடைப் பேச்சால் மூட முடியுமா?

திங்கட்கிழமை காலை மிச்ச எண்ணெயோடு படகைத் தள்ளினேன். யதுர்சிகா கரையில் நின்றார். கையில் பொறிக்கூடு. ஏறி உட்கார்ந்தார். இறங்கியதும் கூட்டை வைத்தார். மீனை உள்ளே போட்டார். பத்தடி தள்ளி, கூட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மணலில் உட்கார்ந்தார். நான் படகிலேயே இருந்தேன். அந்த வெயிலில் ஒரு மணித்தியாலம் அசையாமல் இருந்தார். கதவு விழுந்த சத்தம் கேட்ட பிறகுதான் திரும்பினார். அன்று இரண்டு பிடிபட்டன. திரும்பும்போது, "மாமா, எனக்கு இன்னும் கோவந்தான்" என்றார். "ஓம் மகள்" என்றேன்.

பிறகு இந்த மாதம் மீனவருக்கென்று எண்ணெய் தந்தார்கள். இன்னும் மூன்று பிடித்தோம். ஆகவே தீவில் இன்று மூன்று பூனை மிச்சம்.

அன்புக்குரிய சபையோரே! அமரர் அனஸ்தாசியா அவர்களின் பணியை நாம் தொடர்வோம் என்று சபதம் செய்வது வழக்கம். நானும் இதே மேடையில் எத்தனையோ தடவை அப்படிச் சொல்லிவிட்டுப் பிளேன்டீ குடித்து வீட்டுக்குப் போயிருக்கிறேன். இன்று அப்படிச் சொல்ல எனக்குத் துணிவில்லை. என்ன முடியும், என்ன முடியாது என்று போன ஞாயிறு இரண்டு சங்கமும் சேர்ந்து உட்கார்ந்து பேசினோம்.

யதுர்சிகா சொன்னார்: "அம்மா மாதிரி எட்டு என்னால ஏலாது. தையல் வேலை இருக்கு. ரெண்டு பாப்பன்." நிசாந்தி இரண்டு என்றார். சங்கச் செயலாளர் றிஸானா இரண்டு. மர்ஷூதா டீச்சர் ஒன்று. இன்னும் ஒன்றுக்கு இடம் தேடினோம், கடைசியில் என் மனைவி கையை உயர்த்தினார். பாருங்கள், அந்த ஒரு பெண் தனியாகச் செய்ததைச் செய்ய எங்களுக்கு ஐந்து வீடு வேண்டியிருக்கிறது! இஸ்ஸதீன் டொக்டர் பழையபடி ஞாயிற்றுக்கிழமைகளில் வருவார். கூலி வாங்குவார். வாங்கத்தான் வேண்டும் என்று நானே சொல்லியிருக்கிறேன். எண்ணெய்க்கு, எங்கள் சங்கத்துப் படகு ஒவ்வொன்றும் கிழமைக்கு அரைப் போத்தல். எண்ணெய் கிடைக்காத கிழமையில் பாய் கட்டிப் போவோம். காற்று எதிர்த்தால் துடுப்புப் போடுவோம். ஐப்பசி வந்ததும், வாடிச் சாமானோடு குட்டிப் பெட்டி வந்தால் எங்கள் சங்கத்துப் படகு எதுவும் அதை ஏற்றாது. எந்த முதலாளி எவ்வளவு கூலி தந்தாலும் ஏற்றாது. இதை முதலாவதாக ஒப்புக்கொண்டு கையெழுத்து வைத்தவன் நான்.

இதற்கு மேல் நான் வாக்குத் தரவில்லை. இவ்வளவும் செய்தாலே அவர் முகத்தில் விழிக்கலாம் என்று நினைக்கிறேன்.

பங்குத்தந்தை அவர்களும் மௌலவி அவர்களும் எனக்குப் பிறகு பிரார்த்திப்பார்கள். அவர்கள் எழுந்திருப்பதற்கு முன்னால் ஒரு விஷயம். நாளை காலை ஆறு மணிக்கு என் படகு கண்டல்தீவுக்குப் போகிறது. யதுர்சிகாவுக்கு நாளை தையல் ஓடர் கொடுக்கும் நாள், வர முடியாது. அசையாமல் முதுகைத் திருப்பிக்கொண்டு ஒரு மணித்தியாலம், தேவைப்பட்டால் மூன்று மணித்தியாலம், வெயிலில் உட்காரக்கூடிய ஒருவர் வேண்டும். பொறுமை இருந்தால் போதும். யார் வருகிறீர்கள்? கையை உயர்த்துங்கள்.

...சரி. போதும், போதும். கையை இறக்குங்கள். படகில் மூன்று பேருக்குத்தான் இடம். முதலில் உயர்த்திய இருவரும் ஆறு மணிக்குக் கரையில் நில்லுங்கள். மற்றவர்கள் வீட்டுக் கிணற்றிலிருந்து ஆளுக்கொரு போத்தல் தண்ணீர் கொண்டுவந்து படகில் இருக்கும் பீப்பாவில் ஊற்றிவையுங்கள். பீப்பாவுக்கு மூடி இருக்கிறது, மணல் விழாமல் பார்த்து ஊற்றுங்கள்.